பைப்பை எதால் வெட்டுவது?

மெக்கானிக்குக் கையை உடைத்துக்கொள்ள வேறு வாரமே கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் வேனை அவருடைய பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். வண்டி போட்ட இரைச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மெக்கானிக் உள்ளேயிருந்து வந்தார். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

"சத்தம் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. சைலன்சர் போயிடுச்சு," என்றார்.

"அது எங்களுக்கும் தெரியும். என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை இடித்தார். நான் வாயைத் திறந்தாலே அவருக்குப் பயம். அவர் சாது. வண்டி ஓட்டுகிற மனிதர் இத்தனை சாதுவாக இருப்பது உலகத்தில் எங்கேயும் இல்லாத அதிசயம். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

மெக்கானிக் சிரமப்பட்டுக் குனிந்து, நல்ல கையை வண்டிக்கடியில் விட்டு சைலன்சரைத் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது. விரல் உள்ளேயே போய்விட்டது.

"இது பைப்போட சேர்த்து வெல்டு வெச்சது. கழட்ட முடியாது, பைப்பை வெட்டித்தான் எடுக்கணும். புதுசு எங்கிட்ட இருக்கு. அதோட வாய் கொஞ்சம் அகலம். வெட்டின பைப்பு மேல சொருகி, கிளாம்ப் போட்டு முறுக்கினா முடிஞ்சுது. வெட்டுறதுதான் வேலையே."

"எப்ப வெட்டித் தருவீங்க?"

அவர் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். வேறு இரண்டு பட்டறைகளுக்குப் போனோம். ஒருவர் அடுத்த வாரக் கடைசி என்றார். இன்னொருவர் குனிந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

திரும்பவும் முதல் பட்டறைக்கே வந்தோம். எங்களுக்கு அடுத்த வாரக் கடைசி வரைக்கும் நேரமில்லை. திங்கட்கிழமை காலைதான் கெடு.

நடந்தது இதுதான். எங்கள் வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் தலை சுற்றுகிறது என்று சொல்லி வாந்தி எடுத்துவிட்டது. ஓட்டை விழுந்த சைலன்சரிலிருந்து புகை வண்டிக்குள் ஏறியிருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா பல் டாக்டர். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கத்தாமல் கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போனார்: "திங்கட்கிழமை காலையில நானே வண்டியில ஏறிப் பார்ப்பேன். புகை வந்தா என் பிள்ளையும் ஏறாது, மத்த பிள்ளைங்களும் ஏறாது." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. யாரைத் திட்டுவது?

பிள்ளைகள் ஏறாவிட்டால் வேன் எதற்கு? வேன் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் திரும்பவும் லாரிக்குத்தான் போக வேண்டும். லாரி ஓனருக்குக் கழுகுக்கு மூக்கு வியர்த்த மாதிரி எப்படித்தான் தெரிந்ததோ, வெள்ளிக்கிழமையே போன் வந்துவிட்டது. "திங்கட்கிழமை மதியம் வண்டி கிளம்புது. வர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி சொல்லு. உன் சீட் உனக்குத்தான்."

அந்த லாரி ஏறினால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. முன்பு அப்படித்தான் இருந்தோம். ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து இவர் தாடியும் மூட்டையுமாக வாசலில் வந்து நின்றபோது, எங்கள் மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இந்த மாமா?" என்று கேட்டாள். இவர் சிரித்தார். கையைக் கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் சொந்த வேன் என்று முடிவெடுத்தோம். இப்போது மகள் அவர் தோளில் ஏறிக்கொண்டுதான் பல்லே தேய்க்கிறாள். ஒரு துருப்பிடித்த குழாய்க்காக அதையெல்லாம் நான் விட்டுக்கொடுப்பேனா?

"புது சைலன்சரையும் கிளாம்ப்பையும் கொடுங்க. நாங்களே வீட்டுல வெட்டிக்கிறோம்," என்றேன்.

மெக்கானிக் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் புது சைலன்சரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் எங்களிடம் இருந்தது ஓர் ஆக்சா பிளேடு வாள், ஒரு சுத்தியல், ஒரு ஜாக்கி. வேனின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். குழாய் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு இவர் மல்லாந்து படுத்து, வாளோடு அடியில் நுழைந்தார். கர், கர் என்று இரண்டு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"என்னாச்சு?"

"கை ஓட மாட்டேங்குது. இந்தப் பக்கம் டேங்க் இடிக்குது, அந்தப் பக்கம் சேஸி இடிக்குது. ரெண்டு விரல் நீளம்தான் வாள் போய் வருது."

"வாள் சட்டத்துல இருந்து பிளேடைக் கழட்டி, துணி சுத்திப் பிடிச்சு அறுத்துப் பாருங்க."

அறுத்தார். பிளேடு படக்கென்று இரண்டாக ஒடிந்தது. இவர் முகமெல்லாம் துரு. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. உள்ளே போய் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் செட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்று கடைக்குப் போனால் பெட்டி நிறைய ஸ்க்ரூடிரைவர் செட்டோடுதான் திரும்பி வருவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, உலகத்தில் உள்ள சாமான் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார். அதில் முக்கால்வாசிக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவர் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மட்டும் இன்றுவரை கயிற்றில்தான் நிற்கிறது.

அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. காரில் வந்து இறங்கி டிக்கியைத் திறந்தார். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, தலைக்கு விளக்கு. "நகருங்க மாப்ள. இதுக்குப் போயி கையால அறுத்துட்டு இருக்கீங்களே. இது எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு."

முதலில் எடுத்தது கிரைண்டர். தட்டு சுழன்று இரும்பை வெட்டுகிற மெஷின். வாசலில் கிடந்த ஒரு பழைய கம்பியில் வெட்டிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி வெட்டியது. ஆனால் தீப்பொறி முற்றம் முழுக்கப் பறந்தது. நான் தைத்துக் கொடுக்க வேண்டிய வாடிக்கையாளர் பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதில் பொறிகள் போய் விழுந்து பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டுவிட்டது.

"அண்ணே, நிறுத்து!"

"என்ன, நல்லாத்தானே வெட்டுது?"

"நல்லாத்தான் வெட்டுது. பைப்புக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பார்த்தியா? எண்ணெய் டேங்க். அதுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு வாணவேடிக்கை விடப்போறியா?"

"ஈரச் சாக்கு போட்டு மூடிக்கலாம்."

"உன் தலையில போட்டு மூடு. ரெண்டு பேரும் வெந்து போனீங்கன்னா நான் எந்த வண்டியில தூக்கிட்டுப் போறது? அதுக்கும் இந்த வேன்தானே?"

அண்ணன் வாய்க்குள் எதையோ முனகியபடி கிரைண்டரை உள்ளே வைத்தார். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

அடுத்தது, முன்னும் பின்னும் ஓடுகிற மெஷின் வாள். தடியான துப்பாக்கி மாதிரி இருக்கும், முனையில் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும். பொறி பறக்காது என்றார். சரி என்று இருவரையும் உள்ளே விட்டேன். பொத்தானை அழுத்தியதும் வேனே அதிர்ந்தது. குழாய் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது அல்லவா, வாள் முன்னால் போனால் குழாயும் முன்னால் போனது, வாள் பின்னால் வந்தால் குழாயும் பின்னால் வந்தது. இரண்டும் சேர்ந்து கும்மாளம் போட்டனவே தவிர, வெட்டு விழவில்லை. பிளேடின் நுனி வேறு மேலே வண்டியின் அடித்தகட்டில் டமடமவென்று முட்டியது. நிறுத்திப் பார்த்தால் பிளேடில் பல்லே இல்லை. மழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"இது எந்த பிளேடு மச்சான்?" என்று இவர் கேட்டார்.

அண்ணன் பெட்டியைத் திருப்பிப் படித்தார். "மரம் அறுக்கிறது."

"இரும்பு அறுக்கிறது?"

"அது தனி செட்டு."

நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. பகல் பாதி போய்விட்டது. குழாயில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அடியிலிருந்து ஊர்ந்து வந்து, துருக் கையைத் துடைத்துக்கொண்டு, "விடும்மா. கொஞ்ச நாள் லாரி ஓட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

"ஓட்டுவீங்க, ஓட்டுவீங்க! நான் சம்மதிச்சாத்தானே!" என்று கத்தினேன். "எனக்கு நீங்க வீட்டுல வேணும். சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது எதிர்ல நீங்க இருக்கணும். பாட்டிலைத் திறக்க முடியலைன்னா கூப்பிட்டா வரணும். லாரி கீரின்னு இன்னொரு தடவை பேசினீங்க, அந்தச் சுத்தியலை எடுத்து நானே அந்தப் பைப்பை அடிச்சு நொறுக்கிடுவேன்!"

நான் தண்ணீர் குடிக்கலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அண்ணனுடைய கார் டிக்கியைப் பார்த்தேன். ஒரு பெட்டியின் மூடி திறந்துகொள்ளாமல் இருக்க, அதன்மேல் கனமாக ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். இடுக்கி மாதிரி பிடி, அதிலிருந்து ஒரு சங்கிலி.

"அது என்ன?"

"அதுவா, குப்பை," என்றார் அண்ணன். "ஆயில் ஃபில்டர் கழட்டுற சாமான். ஏமாத்திட்டானுங்க."

"எப்படி ஏமாத்திட்டானுங்க?"

"ஃபில்டரைச் சுத்திச் சங்கிலியைப் போட்டு இறுக்கித் திருப்பினேன். கழண்டு வரணும்ல? வரலை. ஃபில்டரையே வட்டமா ரெண்டா வெட்டிப்புடுச்சு. முகமெல்லாம் ஆயில். உங்க அண்ணி ஒரு வாரம் என்னை மெத்தையில படுக்க விடலை."

நான் அப்படியே நின்றேன். "என்ன சொன்னே? வெட்டிடுச்சா?"

"டப்பா மூடி மாதிரி சுத்தமா வெட்டிடுச்சு. என்ன தரமோ!"

அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்னச் சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கூரான விளிம்பு. என் தையல் மேசையில் துணி வெட்டுகிற உருளைக் கத்தி ஒன்று இருக்கிறது, அதே மாதிரி, ஆனால் பத்துக் கத்தி வரிசையாகக் கோத்தது. ஃபில்டர் கழற்றுகிற சாமானுக்குக் கத்தி எதற்கு?

"ஏங்க, இங்க வாங்க. இதைப் பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

இவர் வாங்கிப் பார்த்தார். ஒரு சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினார். பிறகு என் அண்ணனைப் பார்த்தார். "மச்சான். இது ஃபில்டர் கழட்டுறது இல்லை. பைப் வெட்டுறது."

அண்ணனின் தலைவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முகத்தில்தான் வெளிச்சம் போய்விட்டது. பிறகு, "அப்படின்னா அது நல்ல சாமான்தானா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு வந்த சிரிப்பில் வேன்மேல் சாய்ந்துகொண்டேன். இவரும் சிரித்தார். கடைசியில் அண்ணனும் சிரித்துவிட்டார். "உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றார். சொல்லாமல் இருப்பேனா?

இப்போது எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வி. இவர் சுத்தியல் காம்பால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். சைலன்சர் பக்கத்தில் சொத்சொத்தென்று கேட்டது. அங்கிருந்து முன்னால் வந்தால் ணங்கென்று கேட்டது. "இங்கேர்ந்து நல்ல இரும்பு," என்றார். எதற்கும் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் முன்னால் வெட்டிவிடலாம் என்று சங்கிலியை எடுத்தார்.

"கையை எடுங்க," என்றேன். "அளக்காம வெட்டுறதா?"

நான் தையல்காரி. துணியில் கத்திரியை வைப்பதற்கு முன்னால் இரண்டு கோடு போடுவேன். ஒன்று தையல் விழுகிற கோடு, இன்னொன்று வெட்டுகிற கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உள்ளே மடிந்து போகிற துணி. அதை விடாமல் வெட்டியவர்கள் எல்லாம் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயும் அதே கதைதானே? புது சைலன்சரின் வாய்க்குள் பழைய குழாய் நுழைய வேண்டும். நுழைகிற அளவைச் சேர்த்து விட்டால்தான் கிளாம்ப் பிடிக்கும். இவர் பார்த்து வைத்த இடத்தில் வெட்டியிருந்தால் குழாய் வாயைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

டேப்பை எடுத்து வந்தேன். புது சைலன்சரின் கொக்கியிலிருந்து வாய் வரைக்கும் அளந்தேன். வண்டியில் ரப்பர் வளையத்திலிருந்து அதே அளவை முன்னால் கொண்டு போனேன். ஒரு பட்டைத் துணியைக் குழாயைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேருகிற மாதிரி இழுத்துப் பிடித்து, தையல் சாக்கட்டியால் வட்டமாகக் கோடு போட்டேன். அது தையல் கோடு. அதிலிருந்து பின்னால் தள்ளி இன்னொரு கோடு. அது வெட்டுக் கோடு, ணங்கென்ற இரும்பிலேயே விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வண்டிக்கடியில் படுத்திருந்தேன். முதுகில் கல் குத்தியது, கண்ணில் துரு விழுந்தது. ஆனாலும் ஒரு துணிச்சல் வந்துவிட்டது.

"சட்டைக்கு அளவெடுக்குற மாதிரி எடுக்குறா பாரு," என்றார் அண்ணன். "கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு?"

"உன் வாய் எவ்வளவுன்னுதான் டேப்பு பத்தலை. சங்கிலியைக் கொடு."

சங்கிலிக்கு இடமே தேவைப்படவில்லை. டேங்க்குக்கும் குழாய்க்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து போதும், சுற்றி வந்து பிடியில் மாட்டிக்கொண்டது. இவர் பிடியை இறுக்கி, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் ஆட்டினார். கிறுகிறுவென்று சன்னமாக ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் இறுக்கினார், திரும்ப ஆட்டினார். பொறி இல்லை, அதிர்வு இல்லை. என் சாக்கட்டிக் கோட்டின் மேலேயே பளபளவென்று ஒரு வெள்ளிக் கோடு விழுந்தது. அது குழாயைச் சுற்றி வந்து தன்னையே தொட்டது. கோணல் மாணல் இல்லாமல்!

"அவசரப்பட்டு இறுக்காதீங்க, நசுங்கிடும்," என்றேன்.

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி."

கை வலித்தபோது அண்ணன் மாற்றிக்கொண்டார். அவருக்கும் வலித்தபோது நான் உள்ளே போனேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குப்பை அற்புதமான சாமான். என் கையில் இருக்கும்போதுதான் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சங்கிலி தளர்ந்தது. குழாய் இரண்டாகத் தொங்கியது.

"வெட்டிட்டேன்!" என்று அலறினேன். எழுந்திருக்கப் பார்த்து நெற்றியை வண்டியில் நன்றாக முட்டிக்கொண்டேன். வலிக்கவே இல்லை. வெளியே வந்து அண்ணன் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பழைய சைலன்சரை உருவி எடுத்தோம். கையில் வாங்கும்போதே ஒரு பக்கம் உதிர்ந்து போனது. இதை வைத்துக்கொண்டா பிள்ளைகளை ஏற்றினோம் என்று இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே நான் கவனிச்சிருக்கணும்," என்றார். உண்மைதானே.

பிறகு புதுசைத் தூக்கிக் குழாயில் சொருகினோம். போனது, போனது, முட்டி நின்றது. கொக்கியைப் பார்த்தால் ரப்பர் வளையத்தைத் தாண்டி இரண்டு விரல் பின்னால் நின்றது.

"ஆ! நீளம்!" என்றார் அண்ணன். அவருக்கு எத்தனை சந்தோஷம். "அளந்து கிழிச்சா பாரு! தையல் கோடாம், வெட்டுக் கோடாம்!"

தப்பு என்னுடையதுதான். என் கடையில் பாதி வேலை பள்ளிக்கூடச் சீருடை. வளர்கிற பிள்ளைகளுக்கு அளவாகத் தைத்துக் கொடுத்தால் அரையாண்டுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும் என்று, கேட்காமலே இரண்டு விரல் கூடுதலாக மடித்துத் தைப்பேன். கை அதே பழக்கத்தில் இரும்புக் குழாய்க்கும் இரண்டு விரல் விட்டிருக்கிறது. குழாய் எங்கே வளரப்போகிறது?

"நீளமாத்தானே இருக்கு. குட்டையா இருந்தாத்தான் தலைவலி," என்றார் இவர். விளிம்புக்கு இவ்வளவு பக்கத்தில் சங்கிலி நிற்காது என்று, கடைசியாக மிச்சமிருந்த பிளேடை வாள் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அடியில் போனார். இப்போது பின்னால் சைலன்சர் இல்லாததால் குழாயை டேங்க்குக்குக் கீழே இழுத்துப் பிடிக்க முடிந்தது. அண்ணன் பிடித்துக்கொண்டார். வாள் முழு நீளத்துக்கும் தாராளமாகப் போய் வந்தது. காலையில் தோற்ற அதே வாள். ஒரு வளையம் கழன்று என் காலடியில் உருண்டு வந்தது. இவர் வெட்டு விளிம்பை அண்ணனின் அரத்தால் தேய்த்து, பிசிறு எடுத்தார். புதுசைச் சொருகினோம். கொக்கி போய் ரப்பரில் பொருத்தமாக உட்கார்ந்தது. கிளாம்ப்பை முறுக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள," என்றார் அண்ணன். அவர் குரலும் தணிந்துதான் இருந்தது.

இவர் சாவியைத் திருப்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து, "இன்னொரு தடவை திருப்புங்க!" என்று கத்தினேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வண்டியில் கை வைத்துப் பார்த்தேன். மெல்லிய துடிப்பு. உள்ளே போய் லைனிங் துணியில் ஒரு கீற்று வெட்டிக்கொண்டு வந்து, இணைத்த இடத்தைச் சுற்றிலும் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் காற்று கசிந்தாலும் அந்தத் துணி ஆடிவிடும். ஆடவில்லை. பின்பக்கம் குழாய் முனையில் பிடித்தேன், படபடவென்று அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, எல்லா ஜன்னலையும் சாத்தி ஊரைச் சுற்றினார். அந்தக் குழந்தை உட்கார்ந்த இடம் அது. மூக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். பழைய சாக்லேட் வாசனையும் காலுறை வாசனையும் தவிர எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் ஏறுகிற தெருமுனைக்கு நானும் போனேன். பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒரு பிள்ளையும் ஏறவில்லை. பல் டாக்டரம்மா யாரோடும் பேசாமல் நேராக வண்டிக்குள் ஏறினார். கடைசி சீட்டுக்குப் போனார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "எஞ்சினை ஓடவிடுங்க," என்றார்.

அவர் வெளியே வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எஞ்சினைவிடச் சத்தமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நகத்தைக் கடித்தது அன்றைக்குத்தான். கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்க்கப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இறங்கி வந்து, வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். தன் காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். பிள்ளையைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். பிள்ளையை இறக்கினார். கையைப் பிடித்து அழைத்து வந்து, வேனில் ஏற்றி, அதே கடைசி சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டார்.

"யாரு வேலை பார்த்தா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"வீட்டுல," என்றார் இவர், என் பக்கம் கையைக் காட்டி.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இணைப்பு சுத்தமா இருக்குங்க. குனிஞ்சு பார்த்தேன்," என்றார். பிறகு மற்ற பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். வேன் கிளம்பியது. சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பி மறைந்தது. கூட்டத்துக்கு நடுவில் நான் இரண்டு கையையும் தூக்கி, "அப்படிப் போடு!" என்று கத்தினேன். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை.

வீட்டுக்கு வந்து தையலில் உட்கார்ந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு இவர் திரும்பி வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. நிமிர்ந்தால் கதவில் சாய்ந்து நிற்கிறார்.

"முதல்ல லாரி ஓனருக்குப் போன் போடுங்க," என்றேன். "மதியத்துக்கு முன்னாடி சொல்லணும்னாரே. வர முடியாதுன்னு இப்பவே சொல்லுங்க. நான் காது குளிரக் கேட்கணும்."

"சொல்லிட்டேனே."

"எப்போ? வழியிலயா?"

"சனிக்கிழமையே. நீ அடியில படுத்துக் கோடு போட்டுட்டு இருந்தப்ப."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. "வெட்டுறதுக்கு முன்னாடியா? உங்களுக்கு என்ன மூளை குழம்பிப் போச்சா? அந்தச் சங்கிலி வெட்டாம போயிருந்தா? நான் குட்டையா அளந்திருந்தா? டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லியிருந்தா? அதுவும் போயி, இதுவும் போயி, நடுத்தெருவுலதானே நின்னிருப்போம்!"

"இத்தனை வருஷத்துல நீ எதையும் குட்டையா வெட்டி நான் பார்த்ததில்லையே," என்றார்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். மெஷினில் கிடந்த சீருடைத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு மூக்கையும் துடைத்தேன். அது யாரோ ஒரு பிள்ளையின் சட்டை, துவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மதியம் அந்த லாரி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கும். அந்த நேரத்தில் இவர் எங்கள் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து, சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.